சூட்டுக் கணக்கு

கத்திரி பிறந்ததும் திருவண்ணாமலை கோயிலில் அண்ணாமலையார் லிங்கத்துக்கு நேர் மேலே ஒரு பாத்திரத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடியில் சின்னத் துளை. வாசனைப் பொருட்கள் கலந்த தண்ணீர் அதன் வழியாக லிங்கத்தின் தலையில் விழுந்துகொண்டே இருக்கும். தாராபிஷேகம் என்று பெயர். மே முதல் வாரத்தில் ஆரம்பித்து அக்னி நட்சத்திரம் முடிகிறவரை நடக்கும்.

ஏன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஞ்சபூதத் தலங்களில் இது அக்னித் தலம். சுவாமியே நெருப்பு. வெளியே வெயில் சதம் அடித்துக்கொண்டிருக்கிறது. பிராகாரத்துக் கருங்கல்லில் கால் வைக்க முடியாமல் பக்தர்கள் நார் விரிப்பைத் தேடி ஓடுகிறார்கள். சுவாமியை மட்டும் அப்படியே விட்டுவிட முடியுமா?

பக்தியை மரியாதையாக ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு இன்ஜினீயர் மாதிரி இந்த ஏற்பாட்டைப் பாருங்கள். சூடான ஒரு பொருள். அதற்கு மேலே தண்ணீர். மொத்தமாகக் கொட்டிவிடாமல் அளவாக, நிற்காமல் ஓடுகிற ஓட்டம். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் வெளியேற கோமுகி. பாத்திரம் காலியானால் நிரப்ப ஓர் ஆள். இந்த ஐந்தும்தான் இன்றைக்கு உலகத்தின் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களுக்கு உள்ளேயும் இருக்கின்றன. ஆளுக்குப் பதில் பம்பு, அவ்வளவுதான்.

உடனே, 'பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றைக்கே கம்ப்யூட்டரைக் குளிரவைக்கும் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று பட்டிமன்றம் பேசப் போவதில்லை. ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கல் நனைந்தால் ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டர் நனைந்தால் தீர்ந்தது கதை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று எல்லா அம்மாக்களும் பிள்ளைகளை அதட்டி வளர்க்கிற தேசம் இது. அப்படியிருக்க, மின்சாரம் பாய்கிற கோடிக்கணக்கான நுண்ணிய கம்பிகளுக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கொண்டுபோன துணிச்சல் யாருக்கு வந்தது? ஏன் வந்தது?

முதலில், கம்ப்யூட்டர் எதற்காகச் சூடாகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

நான் படித்தது பி.காம். இயற்பியலுக்கும் எனக்கும் காத தூரம். ஆனால் இந்த ஒரு விஷயம் மட்டும் வணிகவியல்காரனுக்குச் சட்டென்று புரியும். இரட்டைப் பதிவு முறையில் ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுதியே ஆகவேண்டும். பணம் மாயமாக மறையாது. சூடும் அப்படித்தான். 500 வாட் மின்சாரத்தைக் குடிக்கிற கம்ப்யூட்டர், அந்த 500 வாட்டையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே விடும். அந்த விஷயத்தில் அதற்கும் 500 வாட் ஹீட்டருக்கும் வித்தியாசமே கிடையாது. கணக்குப் போட்டுக் கொடுப்பது நமக்குக் கிடைக்கிற உபரி.

ஆக, குளிரவைப்பது என்றால் சூட்டை ஒழிப்பது என்று அர்த்தமில்லை. ஓரிடத்தில் இருக்கிற சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் இன்னோர் இடத்தில் இறக்கி வைப்பது. யார் தூக்குவது, எங்கே இறக்குவது? கடந்த 80 வருடமாக இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

1946ல் அமெரிக்காவில் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் கம்ப்யூட்டரில் ஏறக்குறைய 18,000 வால்வுகள் இருந்தன. பழைய வால்வு ரேடியோவைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதைப்போல 18,000. மொத்தம் 150 கிலோவாட். அன்றைய இன்ஜினீயர்கள் தேர்ந்தெடுத்த சுமைகூலி, காற்று. பெரிய பெரிய ஊதிகளை வைத்து ஊதித் தள்ளினார்கள்.

அதற்குப் பிறகு ரொம்ப காலத்துக்குக் காற்றுதான். கம்ப்யூட்டர் என்றாலே ஏ.சி. அறை. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973ல் ஐ.பி.எம். 370/155 வந்தது, மாணவர்கள் அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு, விடை வரும்வரை காத்திருந்த காலம். அப்புறம் எண்பது, தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம், வங்கி எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் வந்தபோது, அந்த அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே ஜில்லென்று இருக்கும். யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். ஏறக்குறைய மூலஸ்தானம். மனிதர்கள் ஃபேன் காற்றில் வியர்த்துக்கொண்டிருக்க, ஏ.சி. முழுக்க அதற்குத்தான். பல அலுவலகங்களில் முதல் ஏ.சி. மேனேஜருக்குப் போடப்படவில்லை, கம்ப்யூட்டருக்குப் போடப்பட்டது.

ஆனால் காற்று ஒரு நோஞ்சான் கூலி. ஒரு லிட்டர் காற்று சுமக்கிற சூட்டைப்போலக் கிட்டத்தட்ட 3,500 மடங்கு சூட்டை ஒரு லிட்டர் தண்ணீர் சுமந்துவிடும். பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது புதுசு இல்லை. செங்கம் மலைப்பாதையில் ஏறுகிற லாரியின் ரேடியேட்டரில் தண்ணீர்தான் இருக்கிறது. வெறும் காற்றை நம்பினால் பாதி வழியில் இன்ஜின் உட்கார்ந்துவிடும்.

கம்ப்யூட்டர்களும் ஒருநாள் அப்படி மலை ஏறவேண்டிய கட்டாயம் வந்தது. சிப்புகளை நெருக்கி நெருக்கி வைத்தால்தான் வேகம் கிடைக்கும். நெருக்கினால் இடையில் காற்று புகாது. வேறு வழியில்லை, திரவத்தைக் கூப்பிட்டே ஆகவேண்டும். கூப்பிட்டவர்கள் மூன்று விதமாகக் கூப்பிட்டார்கள். மூன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இன்றைக்குக் கடையில் விற்கிற எந்த லிக்விட் கூலரைப் பார்த்தாலும் அது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் வழி, தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுபோ, தொடவிடாதே. இதைக் கச்சிதமாகச் செய்தது ஐ.பி.எம். 1980ல் அறிவிக்கப்பட்ட அவர்களுடைய 3081 கம்ப்யூட்டரில், உள்ளங்கையளவு பீங்கான் தட்டில் 100க்கும் மேற்பட்ட சிப்புகள். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டி உலோகத் தண்டு அழுத்திக்கொண்டு நிற்கும். இடைவெளியில் ஹீலியம் வாயு. சிப்பின் சூடு தண்டுக்கு, தண்டிலிருந்து மேலே உள்ள உலோக மூடிக்கு. அந்த மூடிக்குள்தான் தண்ணீர் ஓடும். அதாவது தண்ணீர் சிப்பைக் கண்ணால்கூடப் பார்க்காது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை திண்ணையிலேயே உட்கார்ந்து பேசி முடித்த மாதிரி.

இரண்டாவது வழி, தண்ணீரே வேண்டாம், ஃபிரிட்ஜில் இருக்கிற சமாசாரத்தைக் கொண்டு வா. இது ஸீமோர் க்ரேயின் வழி. அமெரிக்காவின் சூப்பர் கம்ப்யூட்டர் பிதாமகர். 1976ல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போன அவருடைய முதல் க்ரே-1, 5 டன்னுக்கு மேல் எடை. 115 கிலோவாட். சுற்றிலும் மெத்தை வைத்த பெஞ்சு மாதிரி இருக்கும். அதற்குள்ளே மின்சார சப்ளை சாமான்கள். நிற்கிற அலுமினியத் தூண்களுக்குள் எஃகுக் குழாய், குழாய்க்குள் ஃப்ரியான்.

இந்த ஃப்ரியான் கம்ப்ரஸருக்குள் ஓட மசகு எண்ணெய் கலக்கவேண்டும். அந்த எண்ணெய் இணைப்புகள் வழியாகக் கசிந்தது. கசிந்து, சர்க்யூட் அட்டைகள் மேல் மெல்ல மெல்லப் படிந்து, ஷார்ட் ஆக்கியது. அன்றைய உலகத்தின் அதிவேக மூளை, ஒரு பிளம்பர் பிரச்னைக்காக மாதக்கணக்கில் தாமதமாயிற்று. குழாய் பற்றவைக்கப் புதிய வெல்டிங் முறையை உருவாக்கிய பிறகுதான் வண்டி ஓடியது. திரவத்தால் குளிரவைக்கப்படும் கம்ப்யூட்டரில் முக்கியமான பாகம் சிப் இல்லை, குழாய் ஜாயின்ட் என்று எல்லோருக்கும் புரிந்தது அப்போதுதான்.

மூன்றாவது வழி, கேட்டால் தலை சுற்றும். மொத்த கம்ப்யூட்டரையும் திரவத்தில் முக்கிவிடு! இதுவும் க்ரேதான். 1985ல் வந்த க்ரே-2. கண்ணாடித் தொட்டி மாதிரி ஒன்றுக்குள் சர்க்யூட் அட்டைகள் முழுசாக மூழ்கிக் கிடக்கும். சுற்றிலும் தெளிந்த நீர்மாதிரி ஒரு திரவம். பெயர் ஃப்ளூரினெர்ட், 3எம் நிறுவனத் தயாரிப்பு. மின்சாரத்தைக் கடத்தாது. பார்க்க வந்தவர்கள் மீன் தொட்டியைப் பார்க்கிறாற்போல வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

ஆச்சரியப்படுவதற்கு முன்னால் உங்கள் தெருமுனைக்குப் போய்ப் பாருங்கள். மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர் நின்றுகொண்டிருக்கும். சாம்பல் நிறப் பெட்டி, பக்கவாட்டில் குழாய் குழாயாக. அதற்குள்ளே முழுக்க எண்ணெய். 11,000 வோல்ட் பாய்கிற கம்பிச் சுருள்கள் அந்த எண்ணெயில்தான் வருடக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய் சூட்டையும் வாங்கிக்கொள்ளும், மின்சாரம் தாவாமலும் பார்த்துக்கொள்ளும். க்ரே செய்ததும் அதே காரியம்தான். பிற்பாடு, வீட்டுக் கம்ப்யூட்டரையே மினரல் ஆயில் நிரப்பிய மீன் தொட்டியில் இறக்கி அழகு பார்த்த ஆர்வலர்களும் உண்டு. என்ன, ரிப்பேர் என்றால் எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே எடுக்கவேண்டும். பஜ்ஜி மாதிரி.

இந்த இடத்தில் நம் தேசத்துக் கதை ஒன்று குறுக்கே வருகிறது.

எண்பதுகளில் இந்தியாவுக்கு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. பருவமழையைக் கணிக்க. அமெரிக்காவிடம் க்ரே எக்ஸ்-எம்பி கேட்டோம். அணுகுண்டு, ராக்கெட் வேலைக்குப் பயன்படுத்திவிடுவீர்கள் என்று ரொம்ப யோசித்தார்கள். கேட்டதைவிடச் சின்ன மாடல் ஒன்றை, வானிலையைத் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது என்ற நிபந்தனைகளோடு, ஒருவழியாகக் கொடுத்தார்கள். எண்பதுகளின் கடைசியில் டெல்லிக்கு வந்து சேர்ந்தது. அதுவும் ஃப்ரியானில் குளித்த மெஷின்தான்.

இந்த அவமானத்துக்கு நடுவில்தான் 1988ல் புனேயில் சி-டாக் பிறந்தது. விஜய் பட்கர் தலைமையில் 1991ல் பரம் 8000 தயாரானது. ஒரே ஒரு ராட்சத மூளைக்குப் பதிலாக, நிறைய சின்ன சிப்புகளை ஒன்றுசேர்த்து வேலை வாங்குகிற வழி. அதற்கு ஃப்ரியான் வேண்டாம், முக்கி எடுக்கத் தொட்டி வேண்டாம்.

தொண்ணூறுகளில் உலகமே அந்தப் பக்கம்தான் திரும்பியது. மிகக் குறைவான மின்சாரத்தில் வேலை செய்கிற சீமாஸ் வகை சிப்புகள் பெரிய கம்ப்யூட்டர்களுக்கும் வந்துவிட்டன. ஐ.பி.எம்.கூடத் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு ஃபேனுக்குத் திரும்பியது. அப்பாடா, பிளம்பர்களுக்கு விடுதலை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பத்து வருடம்கூட நிம்மதியாக இருக்க முடியவில்லை.

2004 அக்டோபரில் இன்டெல் நிறுவனம், வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம்-4ஐக் கைவிட்டது. முக்கியக் காரணம் சூடு. அதே வருடம் ஆப்பிள், தன்னுடைய வேகமான பவர் மேக் ஜி5 மாடலுக்குள் திரவக் குளிர்விப்பை வைத்து விற்பனைக்கு விட்டது. ஆபீஸ் மேஜைக்குக் கீழே கார் ரேடியேட்டர்! சில வருடங்கள் கழித்து அவற்றில் பல கசிய ஆரம்பித்தன. திரவம் ஒழுகி உள்ளே இருந்த பாகங்களை அரித்துத் தின்றது. 30 வருடத்துக்கு முன்னால் க்ரே பட்ட அதே பாடு.

ஏன் கசிகிறது? தண்ணீர் கூலியாள் பலசாலி. ஆனால் குணம் கொஞ்சம் மோசம். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது என்று சொல்லலாம். ஆனால் அது சுத்தமாக இருக்காது. ஓடுகிற குழாயிலிருந்தே உலோகத்தைக் கரைத்துக்கொள்ளும். ஒரே சுற்றில் செம்பையும் அலுமினியத்தையும் வைத்தால் போச்சு, தண்ணீரே பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். பல நாள் விட்டால் பாசி பிடிக்கும். பாசி, தலைமுடியைவிடச் சில மடங்கே அகலமான கால்வாய்களை அடைக்கும். அதனால்தான் தண்ணீரோடு அரிப்புத் தடுப்பானும் பாசிக்கொல்லியும் சேர்க்கிறார்கள். வீட்டில் இதை முயற்சி செய்கிறவர்கள் குழாயடித் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். குழாய் பூட்டியதும் கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல் பம்பை மட்டும் பல மணி நேரம் ஓடவிட்டு, கீழே காகிதம் விரித்து, ஒரு சொட்டாவது விழுகிறதா என்று பார்ப்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

இன்னொரு ஆபத்து, கசியாமலே வருகிற ஈரம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதில்லையா? அதேபோல, ரொம்ப ஜில்லென்ற தண்ணீரைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டால் குழாயின் வெளிப்பக்கம் வியர்த்து, அந்த வியர்வை சர்க்யூட் மேல் சொட்டும். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். ஜில் தண்ணீர் ஆபத்து. அப்படியென்றால்?

வெந்நீர்!

2010ல் ஐ.பி.எம்.மும் ஜூரிக்கில் உள்ள இ.டி.ஹெச். பல்கலைக்கழகமும் சேர்ந்து அக்வாசர் என்ற கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டினார்கள். அதற்குள் போன தண்ணீரின் வெப்பம் 60 டிகிரி. நாம் குளிக்கப் பயந்து விளாவிக்கொள்கிற வெந்நீர். சிப்புகள் 80 டிகிரிக்கு மேலேயும் தாக்குப்பிடிக்கும் என்பதால், அவற்றுக்கு 60 டிகிரியே குளிர்ச்சிதான். வெளியே வருகிற இன்னும் சூடான தண்ணீரைக் குழாய் வழியே கட்டடங்களுக்கு அனுப்பி, குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கிக்கொண்டார்கள். 2012ல் ஜெர்மனியின் மியூனிக் அருகே வந்த சூப்பர்மக், இதையே பெரிய அளவில் செய்தது. இறக்கி வைக்க வேண்டிய சூட்டுக்கு ஒரு வாடிக்கையாளரையே பிடித்துவிட்டார்கள்.

இப்போது ஊருக்குத் திரும்புவோம்.

மத்திய அரசு 2015ல் ரூ.4,500 கோடியில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தை அறிவித்தது. அதன்கீழ் திருச்சி துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி.க்கு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. பெயர் பரம் பொருள். யார் வைத்த பெயரோ, வாழ்க. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும் திறன். க்ரே-1ஐப்போல 50 லட்சம் மடங்கு. அதைக் குளிரவைப்பது, குழாயில் ஓடிவந்து சிப்பின் முதுகைத் தொடும் உலோகத் தகட்டின் வழியே சூட்டை வாங்கிக்கொள்கிற திரவம். ஐ.பி.எம். 1980ல் திண்ணையில் உட்கார்ந்து பேசியதன் பேரப்பிள்ளை. டெல்லிக்கு வந்த க்ரேயைத் தொட ஆயிரம் நிபந்தனை போட்டார்களே, அந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் காவிரிக் கரையில் எழுதப்பட்டிருக்கிறது.

அதைத் தொடங்கி வைத்த தேதி 2022 மே 25. கத்திரி இன்னும் முடியவில்லை. திருவண்ணாமலையில் தாரா பாத்திரம் சொட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில், பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரிய திருவானைக்காவல் இருக்கிற ஊரில், குழாய்த் திரவத்தில் குளிர்கிற ஒரு கம்ப்யூட்டர் வேலையை ஆரம்பித்தது. தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கலாம்.

ரசித்தது போதும். இரட்டைப் பதிவு என்று சொன்னேனே, அதன் மறுபக்கத்தை இன்னும் புரட்டவில்லை.

ஒவ்வொரு திரவமும் சூட்டைச் சுமந்ததற்குக் கூலி கேட்டிருக்கிறது. ஃப்ரியான் வகை வாயுக்கள் ஓசோன் படலத்தைத் தின்கின்றன என்று தெரிந்து, 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு, படிப்படியாக ஒழித்துக்கட்ட வேண்டியதாயிற்று. ஃப்ளூரினெர்ட் போன்றவை மண்ணிலும் நீரிலும் லேசில் சிதையாத ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2025 முடிவதற்குள் அந்தக் குடும்பத்தின் உற்பத்தியையே நிறுத்துவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. மிஞ்சி நிற்பது நம் பழைய தண்ணீர். அது கேட்கிற கூலி, தண்ணீரேதான்.

எப்படி? கம்ப்யூட்டருக்குள் சுற்றுகிற தண்ணீர் செலவாவதில்லை. அது மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஆனால் அது சுமந்து வந்த சூட்டை வெளியே எங்கேயாவது இறக்கவேண்டும். பல டேட்டா சென்டர்களில் இதற்குக் கூலிங் டவர் வைத்திருக்கிறார்கள். மண்பானைத் தத்துவம்தான். தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகி, சூட்டை எடுத்துக்கொண்டு வானத்துக்குப் போய்விடும். போன தண்ணீர் போனதுதான்.

எவ்வளவு போகும்? கணக்குப் போடலாம். செயற்கை நுண்ணறிவுக்காக என்விடியா 2024ல் அறிமுகப்படுத்திய, 72 சிப்புகள் கொண்ட ஓர் அலமாரி மட்டும் ஏறக்குறைய 120 கிலோவாட் குடிக்கிறது. ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டிருந்த எனியாக் 150 கிலோவாட் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காற்றால் இதை ஆற்ற முடியாது என்பதால் திரவக் குழாயோடுதான் பிறந்தது. இந்த ஒரு பீரோவின் சூட்டை முழுக்க ஆவியாக்கியே வெளியேற்றுவதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 4,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். மூன்று பீரோவுக்கு ஒரு லாரித் தண்ணீர். தினமும்.

2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். நகரமே வாய்பிளந்து பார்த்தது. கூகுள் நிறுவனம், உலகம் முழுக்கத் தன் செயல்பாடுகளுக்காக 2022ல் மட்டும் செலவிட்ட தண்ணீர், அதன் அறிக்கைப்படியே சுமார் 2,100 கோடி லிட்டர். பெரும்பகுதி டேட்டா சென்டர்களுக்கு. ஜோலார்பேட்டை ரயில் கணக்கில் 8,000 ரயிலுக்கு மேல்.

இதே சென்னையைச் சுற்றித்தான் டேட்டா சென்டர்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. கடலடி கேபிள்கள் இங்கே கரையேறுகின்றன, வேலை கிடைக்கும், வருமானம் வரும். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் சூட்டை எங்கே இறக்கப் போகிறீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. என் ஏரியிலா, என் நிலத்தடி நீரிலா?

வழி இல்லாமல் இல்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019ல் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஒவ்வொரு நாளும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் வந்தன. கூலிங் டவருக்குக் குடிநீர் வேண்டியதில்லை, இந்தத் தண்ணீர் தாராளமாகப் போதும்.

இன்னொரு வழி, அந்த ஜூரிக் வெந்நீர். நம் ஊருக்கு அது இன்னும் முக்கியம். சூடு எப்போதும் அதிகத்திலிருந்து குறைவை நோக்கித்தான் போகும். 25 டிகிரி தண்ணீரை வைத்துக்கொண்டு, 41 டிகிரி கத்திரிக் காற்றில் சூட்டை இறக்க முடியாது. காற்றுதான் நம்மைச் சுடும். அதனால் ஆவியாக்கவேண்டும், அல்லது மின்சாரத்தைக் கொட்டி ஃபிரிட்ஜ் ஓட்டவேண்டும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் போகிற தண்ணீரே 50 டிகிரி என்றால், வெளியே வருவது அதைவிடச் சூடு. அதற்கு நம் கத்திரிக் காற்றே குளிர்காற்று. லாரிக்கு இருக்கிற மாதிரி ஒரு பெரிய ரேடியேட்டரும் ஃபேனும் போதும். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆவியாகவேண்டாம்.

ஆக, கம்ப்யூட்டரை எவ்வளவு ஜில்லென்று வைக்கிறோம் என்பதில் பெருமை ஒன்றும் இல்லை. எவ்வளவு சூட்டோடு அதைப் பத்திரமாக ஓட்ட முடியும் என்று கண்டுபிடிக்கிறவர்தான் நம் ஏரிகளைக் காப்பாற்றப் போகிறவர்.

அடுத்த முறை ஒரு டேட்டா சென்டருக்கு அடிக்கல் நாட்டு விழா என்று பேப்பரில் படித்தால், எத்தனை ஆயிரம் கோடி முதலீடு என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எத்தனை லிட்டர், எங்கிருந்து என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் அந்தச் செய்தியில் இல்லையென்றால், அந்தப் பற்றை நம் கணக்கில் எழுதப் போகிறார்கள் என்று அர்த்தம்.